வலப்பக்கத்தில் ஒரு லாரி

அத்தியாயம் 14

"தூங்கிட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன்."

பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில், கணவனின் காதோரம் குனிந்து கேட்டாள் குரலாய். பதினோரு நாளில் இது எத்தனையாவது தடவை என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

ஜோமார்த் மாவுக்கட்டுப் போட்ட இடது கையை மார்போடு அணைத்தபடி, பனி கலந்த மழையில் நனைந்த அல்மாத்தி நகரத் தெருக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன் பாத்துட்டு இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு காருக்குள்ள எடுத்த அந்தப் படத்தைப் பாக்க வேணாம்னு அண்ணிகிட்ட அப்படிக் கெஞ்சினீங்க? முழிச்சிட்டிருந்தவருக்கு என்ன பயம்?"

"குரலாய், விடு."

"எதை விடறது? நீங்க ஜெயிலுக்குப் போகப்போறீங்க. எங்க அண்ணன் அங்க வாயில குழாயோட கெடக்கறான். இதுல எதை விடச் சொல்றீங்க?"

பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தாள். குரலாய் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

தால்திகொர்கானில் அவள் அண்ணன் மேய்ராமின் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சிரித்துக்கொண்டு திரும்பிய பயணம் அது. ஜோமார்த்தின் கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் தானாக ஓடும் கார். தன்னால் முடியாத இடம் வந்தால் மணி அடித்து, ஓட்டுநரைப் பொறுப்பேற்கச் சொல்லும். முதல் வாரம் ஸ்டீயரிங்கை ஒட்டியே கைகளை வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தவன், நாலாம் மாதம் காலை நீட்டிக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வந்தான்.

கப்ஷகாய்க்கு இருபது கிலோமீட்டர் முன்னால், சாலைப் பணிக்காக இடது தடத்தை மறித்திருந்த இடத்தில் மணி அடித்தது. மணிக்கும் மோதலுக்கும் நடுவே ஏழே நொடிதான். அதற்குப் பிறகு வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த லாரியின் அடியில் காரின் வலது பாதி நசுங்கிக் கிடந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; அந்த வலது பாதியில்தான் மேய்ராம் உட்கார்ந்திருந்தான்.

கார் நிறுவனத்திலிருந்து மூன்றே வரியில் கடிதம் வந்தது. ஓட்டுநர் 1.9 நொடியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். அத்துடன் வண்டி அவர் வசம் வந்துவிட்டது. பிறகு நடந்தவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

ஜோமார்த்தை இனிக் காப்பாற்றக்கூடியது ஒரே ஒரு காகிதம். பாதிக்கப்பட்டவர் தரப்பில் மேய்ராமின் மனைவி ஷோல்பான் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். போன வாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குரலாய் அவள் காலைப் பிடித்து அழுதபோது, ஷோல்பான் சொன்னது ஒன்றுதான்.

"காருக்குள்ள எடுத்த படத்தை நான் பாக்கணும். அப்புறம் போடறேன்."

அதைப் பார்க்கும் நாள் இன்று.

*

விபத்து ஆய்வு நிலையத்தின் கூடத்தில் ஷோல்பான் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்களின் டிப்போவில், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் ஆணையிடுகிற வேலை அவளுக்கு. பதினெட்டு வருடம் டிராலி பஸ் ஓட்டிய மேய்ராமை அவள் சந்தித்ததும் அங்கேதான். அந்த அதிகாரக் குரல் இந்தப் பதினோரு நாளில் கரகரத்துப் போயிருந்தது.

"அண்ணி, டீ குடிச்சீங்களா? பிளாஸ்க்ல கொண்டாந்திருக்கேன்."

"வேணாம்."

"பவுர்சாக் பணியாரம் ஒண்ணாவது..."

"குரலாய், என்னை விருந்தாளி மாதிரி கவனிக்காத. எனக்குக் கோபம் போயிரும். இப்ப அது போகக் கூடாது."

ஜோமார்த் தலை குனிந்தபடி தள்ளியே நின்றான். ஷோல்பான் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசாரணைக்காக நியமிக்கப்பட்ட நிபுணர் ரிம்மா பாக் உள்ளேயிருந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், கழுத்தில் தொங்கும் கண்ணாடி.

"படம் தயாரா இருக்கு. அதுக்கு முன்னாடி யாராவது எதுவும் கேக்கணுமா?"

"நான் கேக்கணும்," என்றாள் ஷோல்பான். "ரெண்டு நொடிக்குள்ள கை ஸ்டீயரிங்குக்கு வந்திருச்சு. கண்ணு ரோட்டுல இருந்துச்சு. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப மீதி அஞ்சு நொடி இந்த மனுஷன் என்ன பண்ணிட்டு இருந்தாரு? பிரேக்கை மிதிக்க அஞ்சு நொடி பத்தாதா? நானும் பதினாறு வருஷமா கார் ஓட்டறேன். ரோட்டைப் பாத்தா ரோடு தெரியும். இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு?"

ரிம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வாங்க. உக்காந்தே பாத்திருங்க."

அடுத்த அறையில், சக்கரமில்லாத கார் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி அரைவட்டமாக வெள்ளைத் திரை. விளக்கை அணைத்ததும் திரையில் நெடுஞ்சாலை விரிந்தது. இருபுறமும் மஞ்சள் புல்வெளி, தூரத்தில் மலை. ஷோல்பான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள்.

"பக்கத்துல ஒருத்தர் உக்காரணும்," என்றாள் ரிம்மா.

ஜோமார்த் கதவோரம் ஒதுங்கினான். கடைசியில் குரலாய்தான் போய் உட்கார்ந்தாள். மேய்ராமின் இடத்தில்.

கார் தானாக ஓடியது. முதல் ஐந்து நிமிடம் ஷோல்பானின் கண்கள் கண்ணாடிக்கும் சாலைக்குமாகப் போய்வந்தன. பத்தாவது நிமிடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் ஒரே சாலை, ஒரே புல்வெளி. மோட்டார் சத்தம் தாலாட்டுப்போல் கேட்டது.

"பொண்ணு நேத்து ராத்திரி சாப்பிட்டாளா?" குரலாய் மெதுவாகக் கேட்டாள்.

"பாதி. கல்யாணமே வேணாம்னு உக்காந்திருக்கா."

"அப்படிச் சொல்லுவா. நான் வந்து பேசட்டுமா?"

"நீ வந்தா உன்னைக் கட்டிட்டு அழுவா. உன் புருஷன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னும் சொல்லுவா. எதுக்கு வர்றே?" என்ற ஷோல்பான், பதினோரு நாளில் முதல்முறையாக நாத்தனாரின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "நீ ஏண்டி இப்படி இளைச்சுட்டே?"

மணி அடித்தது.

ஷோல்பானின் கைகள் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தன. கண்கள் முன்னால் போயின. முதுகு விறைத்தது.

திரை சட்டென்று வெள்ளையானது.

இருட்டிலிருந்து ரிம்மாவின் குரல் வந்தது. "நல்லாப் பிடிச்சீங்க. ஒன்னே முக்கால் நொடி. அப்புறம் மூணு நொடி ரோட்டையே பாத்துட்டு இருந்தீங்க. என்ன பாத்தீங்க?"

"ரோட்டை."

"ரோட்டுல என்ன?"

"ஆரஞ்சா ஏதோ..."

"வலப்பக்கம் என்ன வந்துட்டு இருந்துச்சு?"

ஷோல்பான் திரும்பி வெறும் வெள்ளைத் திரையில் தேடினாள்.

"லாரி," என்றாள் குரலாய். "ரொம்ப நேரமா கூடவே வந்துச்சு அண்ணி. பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி. நீங்க கவனிக்கலையா?"

"நான் ரோட்டைத்தான் பாத்தேன்! கண்ணைக்கூட இமைக்கல!"

"தெரியும்," என்றாள் ரிம்மா. "இதுவரைக்கும் எழுபது பேரை இந்த சீட்ல உக்கார வெச்சிருக்கேன். கை வந்திருது, கண்ணும் வந்திருது. சுத்தி என்ன நடக்குதுங்கறது புத்திக்கு எட்ட இன்னும் நேரம் வேணும். சில பேருக்குப் பத்து நொடிக்கு மேல. நாமளே ஓட்டும்போது முன்னாடி யாரு, பக்கத்துல யாருன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கும். ஓட்டாம சும்மா உக்காந்திருந்தா அது அறுந்துபோகும். மணி அடிச்சா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

ஷோல்பான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குரலாய் மட்டும் தன் இடது கையைப் பார்த்தாள். அது மடியில் இல்லை. ஷோல்பானின் ஸ்டீயரிங்கை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. எப்போது கிளம்பியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவோரம் நின்ற ஜோமார்த் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

*

படம் ஊமைப் படம். காருக்குள் இருந்த கேமரா ஒலியைப் பதிவு செய்வதில்லை.

மேய்ராம் உயிரோடு, முழுசாக, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு திரையில் தோன்றியதும் குரலாயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷோல்பான் கைப்பையை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

மேய்ராம் ஏதோ சொல்கிறான். ஜோமார்த் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"என்ன சொல்றாரு?" என்றாள் ஷோல்பான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜோமார்த் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்களைத்தான் கேக்கறேன். என் புருஷன் என்ன சொல்றாரு?"

பதினோரு நாளில் அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது இதுவே முதல்முறை. ஜோமார்த் ஒரு அடி முன்னால் வந்தான்.

"'மாப்ளே, இந்த வண்டி உன்னை விட நல்லா ஓட்டுது, கல்யாணத்துக்கு இதையே சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிரலாம், நீ வீட்லயே இரு'ன்னாரு."

திரையில் மேய்ராம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான்.

"இப்ப?"

"பக்கத்துல வந்த லாரி. வெங்காய மூட்டை. 'கயிறு கட்டியிருக்கற லட்சணத்தைப் பாரு, எங்க டிப்போவா இருந்தா உங்கக்கா மைக்லயே இவன் மானத்தை வாங்கிருப்பா'ன்னாரு."

ஷோல்பானின் தோள்கள் ஒருமுறை குலுங்கின.

"மச்சான் வழி முழுக்க அப்படித்தான் அக்கா வந்தாரு. கண்ணாடியைப் பாக்கறதும், எட்டிப் பாக்கறதும், இல்லாத பிரேக்கை மிதிக்கறதும். நான்தான் கேலி பண்ணினேன். 'டிக்கெட் எடுத்தாச்சு, பயணி மாதிரி உக்காருங்க'ன்னு..."

திரையின் மூலையில் சிவப்பு எண் ஓடத் தொடங்கியது. மணி அடித்த கணம்.

ஜோமார்த் கையிலிருந்த விதைகளைக் கொட்டிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறான். 1.9. முன்னால் பார்க்கிறான். முகத்தில் பயமில்லை, தூக்கமில்லை. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவனின் முகம் அது. 3. 4. மேய்ராம் கத்துகிறான்.

"பிரேக்னு கத்தினாரு," என்றான் ஜோமார்த். "என் காதுல விழுந்துச்சு. எதுக்குன்னுதான் எட்டல."

5. மேய்ராமின் தலை ஒரு முறை வலப்பக்கம் திரும்புகிறது. லாரியின் பக்கம். திரும்பி முன்னால் பார்க்கிறது. பிறகு அவன் இடது கை நீண்டு ஸ்டீயரிங்கைப் பற்றி, தன் பக்கமாக இழுக்கிறது.

ரிம்மா படத்தை நிறுத்தினாள்.

நிறுத்திய திரையில் மேய்ராமின் கை. மோதிரம்கூடத் தெரிந்தது.

"இழுத்தது... அண்ணனா?" குரலாய்க்குச் சொற்கள் தனித்தனியாக வந்தன. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதையா மறைச்சீங்க? பதினோரு நாளா நான் தூங்கினீங்களா தூங்கினீங்களான்னு குதறிட்டிருந்தேன். நீங்க இதையா வெச்சிட்டிருந்தீங்க?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? வாயத் திறந்து பதில் பேச முடியாத மனுஷன். அவர் இழுத்ததாலதான் இப்படி ஆச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமா? அப்படிச் சொல்லி வெளியில திரியணுமா?"

"இழுக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?" ஷோல்பானின் கேள்வி ரிம்மாவை நோக்கிப் போனது.

"நேராப் போயிருக்கும். கான்கிரீட் தடுப்பு. அதுக்குப் பின்னாடி நாலு பேர் வேலை பாத்துட்டு இருந்தாங்க." ரிம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அஞ்சாவது நொடியில பிரேக் போட்டாலும் நின்னிருக்காது. ரெண்டாவது நொடியில போட்டிருந்தா நின்னிருக்கும். ஆனா ரெண்டாவது நொடியில இவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவர் கையில ஸ்டீயரிங் இல்ல."

"அந்த லாரி பக்கத்துல இருக்குன்னு அவருக்குத் தெரியும்," என்றாள் ஷோல்பான். "இப்பத்தானே வெங்காய மூட்டையைப் பத்திப் பேசினாரு. திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் தன் பக்கமா இழுத்தாரு. தெரிஞ்சேதான் இழுத்தாரா?"

"அதைப் படத்துல பாக்க முடியாதும்மா."

"நிறுவனம் என்ன சொல்லும்?" என்று கேட்டது குரலாய்.

ரிம்மா கண்ணாடியைத் துடைத்தாள். "திங்கட்கிழமை இதோட பிரதி அவங்க கைக்குப் போகுது. பயணி ஸ்டீயரிங்ல கை வெச்சாரு, அதனாலதான் விபத்துன்னு எழுதுவாங்க. வழக்கு உங்க அண்ணன் பக்கம் திரும்பும். இவர் வெளியில வந்திருவாரு. அதுக்கு முன்னாடி இவங்க சமாதானத்துல கையெழுத்துப் போட்டா வழக்கே மூடிரும். யார் மேலயும் குத்தமில்ல. அந்தக் காருக்கு ஏழு நொடி போதுமான்னும் யாரும் கேக்கமாட்டாங்க. அதே மாதிரி கார் இந்த ஊர் ரோட்டுல எத்தனை ஓடுதுன்னு எனக்குத் தெரியாது."

குரலாய் எழுந்து அண்ணியின் முன்னால் மண்டியிட்டாள்.

"போட்டுருங்க அண்ணி. இப்பவே போட்டுருங்க. அண்ணனுக்கும் ஒண்ணும் ஆகாது, இவருக்கும் ஒண்ணும் ஆகாது. எனக்கு இருக்கறதே ரெண்டு பேரு."

"போட வேணாம் அக்கா," என்றான் ஜோமார்த்.

"நீங்க சும்மா இருங்க!"

"போட வேணாம். மச்சான் மேல பழி வந்தா அதை நான் ஏத்துக்கறேன், ஜெயில்ல கெடந்தாலும் பரவால்ல. என் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா எனக்குத் தெரியல. அது எப்படின்னு யாராவது கேட்டாகணும்."

ஷோல்பான் கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்தாள். பேனாவின் மூடியையும் கழற்றினாள். நெடுநேரம் அந்த வெற்றுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மறுபடி மூடியைப் போட்டாள்.

"நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில பாக்க விடுவாங்க," என்று எழுந்தாள். "வாங்க, ரெண்டு பேரும்."

*

தீவிர சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் அவர்களைப் பார்த்ததும் டாக்டர் நேராக அருகில் வந்தார். இத்தனை நாளும் கையைப் பிசைந்துகொண்டே பேசியவர் இன்று கொஞ்சம் நிமிர்ந்திருந்தார்.

"மூளையில வீக்கம் வடிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மயக்க மருந்தைக் குறைக்கப்போறோம். கண் முழிக்கலாம், முழிக்காமலும் போகலாம். எதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்குங்க."

ஷோல்பான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழிச்சா பேசுவாரா?"

"குழாயை எடுத்ததும் ஓரிரு வார்த்தை வரலாம். பக்கத்துல ஒருத்தர் மட்டும் இருக்கணும், பழகின குரலா. இன்னொண்ணு," டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்பாரு. இந்த மாதிரி அடிபட்டவங்களுக்கு நடந்தது அப்படியே நினைவு இருக்கறதில்ல. முதல்ல காதுல விழற கதையையே தங்களோட நினைவுன்னு பிடிச்சுக்குவாங்க. விசாரணைக்காரங்க வேற வரப்போறாங்க. அதனால பாத்துப் பேசணும். யாரு இருக்கப்போறீங்கன்னு நர்ஸ்கிட்ட பேர் கொடுத்திருங்க."

அவர் போய்விட்டார்.

மேய்ராம் தெரிந்தே இழுத்தானா, கை தானாகப் போனதா? உலகத்தில் அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். நாளை பத்து மணிக்கு அவன் காதில் யார் எதைச் சொன்னாலும் அதுவே அவனுக்கு உண்மையாகிவிடலாம்.

நர்ஸ் நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். "நாளைக்கு யாரு? மனைவிதானே?"

"இல்ல," என்றாள் ஷோல்பான். "தங்கச்சி. குரலாய்னு எழுதிக்குங்க."

"அண்ணி!" குரலாய் பதறிப்போனாள். "அவன் கண்ணைத் தொறந்தா உங்க முகத்தைத்தான் தேடுவான். நான் எப்படி... என்னால முடியாது."

"என்னாலயும் முடியாது. நான் உள்ள போனா, 'நீங்க எதுவும் பண்ணல, எல்லாம் உங்க மாப்பிள்ளையால வந்தது'ன்னு சொல்லிருவேன். என் வாய் அப்படித்தான் போகும், எனக்குத் தெரியும். தம்பி போனா, மொத்தப் பழியையும் தன் தலையில போட்டுக்குவாரு."

ஜோமார்த் தலையாட்டினான்.

ஷோல்பான் நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் சாஞ்சாலும் இழப்பு உனக்குத்தாண்டி. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். நீ எந்தப் பக்கமும் சாயமாட்டே, அதனாலதான் உன் பேரைக் கொடுத்தேன். நீ போ."

நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

குரலாய் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தாள். குழாய்களுக்கு நடுவே அண்ணனின் இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. நாளை பத்து மணிக்கு முதல் வார்த்தையாக அவனிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தும் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.